பதினெட்டு வெள்ளிக் கேசட்

இரவு ஷிப்டு ஏழு மணிக்கு முடிந்தது.
கடை திறக்கப் பத்தாகும்.
கொம்தார் பக்கத்தில் நிறுத்திவிட்டுக்
காடிக்குள்ளேயே தூங்கினேன்,
நெஞ்சின் மேல் தீப்பெட்டியளவு பாட்டுப்பெட்டி.
அதற்குள் நானூற்று அறுபது பாட்டு.
காடியில் ஒன்றுகூட ஒலிக்காது.

இஸ்வாரா. தொண்ணூற்று நான்கில் பிறந்தது.
ஸ்டீரியோவுக்குத் தெரிந்தவை இரண்டே:
ரேடியோ, கேசட்.
ஒயர் சொருக ஒரு துளை கிடையாது.

கெங் சூன் மூன்றை எடுத்துக்
கண்ணாடி மேசைமேல் வைத்தான்.
"அக்கா, இது சிகரெட் லைட்டரில் குத்துவது.
ரேடியோவில் யாரும் இல்லாத எண்ணாகப் பார்த்து
உங்கள் பாட்டைக் குடிவைத்துவிடலாம்."
யாரும் இல்லாத எண் பினாங்கில் எங்கே இருக்கிறது?
என் நாத்தனார் இதைத்தான் வாங்கினாள்.
ஜெலுத்தோங்கில் ஒழுங்காகப் பாடும்.
பாலத்தின் நடுவில் காற்று அடிக்கும் இடத்தில்
யாரோ ஒரு தாய்லாந்துக்காரன் நுழைந்து
மீன் விலை சொல்வதுபோல் பேசுவான்.
முப்பத்தொன்பது வெள்ளி கொடுத்து
விருந்தாளி எதற்கு?

இரண்டாவது, பழையதைப் பிடுங்கிவிட்டுப் பொருத்தும்
புது ஸ்டீரியோ. நீல வெளிச்சம்.
இருநூற்று எண்பது, கூலி தனி.
முன்பக்கம் முழுவதையும் கழற்றவேண்டும் என்றான்,
பல் பிடுங்குபவன் குரலில்.
மகனுடைய டியூஷன் காசு நினைவுக்கு வந்தது
என்று சொன்னால் அழகாக இருக்கும்.
உண்மையில் எனக்கு அந்த நீலம் பிடிக்கவில்லை.

மூன்றாவது
கேசட் போலவே இருந்தது,
எலிக்கு இருப்பதுபோல் ஒரு வால்.
உலுக்கினேன். உள்ளே நாடா இல்லை.
இரண்டு பல்சக்கரம், சும்மா சுற்றுவதற்கு.
"சுற்றினால்தான் ஸ்டீரியோ நம்பும்.
சுற்றாவிட்டால் நாடா அறுந்ததென்று
துப்பிவிடும்."

நம்பவைப்பதற்கென்றே இரண்டு சக்கரம்.
சூப்பர்வைசர் வரும்போது
நாங்கள் நிமிர்ந்து உட்காருவது மாதிரி.

கீழ் விளிம்பில் ஒரு தலை, அரிசியில் பாதி.
பதினோரு வருடமாக நுண்ணோக்கியில் நான் பார்ப்பது
இதன் தூரத்துச் சொந்தங்களை:
கணினித் தட்டை வாசிக்கும் தலைகள்,
ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு.
கீறல் இருந்தால் இடது தட்டு, இல்லாவிட்டால் வலது.
என்ன வாசிக்கப் போகிறாய் என்று
ஒன்றையும் கேட்டதில்லை.
இது வாசிக்காது.
ஸ்டீரியோவின் தலைக்கு எதிரே நின்று
இல்லாத நாடாவை அதன் காதில் சொல்லும்.
தலையோடு தலை, நடுவே முடியளவு இடம்.
பழக்கதோஷம், வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தேன்.
கீறல் இல்லை.
"வலது தட்டு" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
பதினெட்டு வெள்ளி.

மாலையில் ரொஸ்னானியும் மேகவள்ளியும்
பிறையில் ஏறினார்கள்.
டோல் தாண்டியதும் போட்டேன்.
பாடியது. உண்மையாகவே பாடியது.
அடியில் சக்கரங்கள் கரகரவென்று,
பக்கத்து அறையில் யாரோ கடலை உடைப்பதுபோல்.
"மழையா?" என்றாள் மேகவள்ளி.
இரண்டாம் பாட்டின் சரணத்தில்
டக்.
இந்தப் பக்கம் முடிந்ததென்று தானே முடிவெடுத்து
மறுபக்கம் திரும்பியது.
மறுபக்கத்தில் தலை இல்லை.
டக். டக்.
நாக்கை நீட்டியது.

தள்ளினேன். நீட்டியது.
ரொஸ்னானி எதுவும் பேசாமல்
ஒரு விரலால் உள்ளே அழுத்திப் பிடித்தாள்.
பாட்டு வந்தது.
என் பக்கத்துக் கடலில் கப்பல்கள்
விளக்கேற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன.
கரை வரும்வரை அவள் விரலை எடுக்கவில்லை.
ஒருமுறை தும்மினாள்,
அப்போது மட்டும் பாடகி ஒரு சொல்லை விழுங்கினாள்.

பாயான் லெப்பாஸ் சிக்னலில் சிவப்பு.
டோல் ரசீதை எட்டாக மடித்து
விரலுக்குப் பதிலாகச் சொருகினேன்.
பிடித்துக்கொண்டது.
தீவுக்கு வரும்போது மட்டும்தான் டோல்,
தினமும் ஒரு புது ரசீது.
காலையில் வீடு திரும்புகையில் பழையதே போதும்,
அந்தத் தூக்கத்தில் யார் கேட்கிறார்கள்.

ரொஸ்னானி விரலை உதறிக்கொண்டு
பாட்டுப்பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.
இன்னும் இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.
இருக்கிறது என்றேன்.
எவ்வளவு என்று சொல்லவில்லை.