மூன்று மூலை

பிஸ்டன் ஒவ்வொரு முறையும்
போய், நின்று, திரும்புகிறது.
“எதுக்குகா இந்தத் திரும்பல்?” என்றான் நிப்றாஸ்.

சாய்ந்தமருதுப் பட்டறையில்
உடைத்த மஸ்தாவின் வயிற்றிலிருந்து
அந்த முக்கோணத்தை எடுத்து
தண்ணீர்ப் பம்மில் பூட்டினான்.
நிற்கவேயில்லை. சுழன்றது.
மேலே வைத்த பிளேன்டீ
விளிம்பைக்கூடத் தொடவில்லை.

நாலாம் நாள் வயலில்
மூலைச் சீல்கள் தேய்ந்து
எண்ணெயைப் புகையாக்கியது.
வெள்ளாமை குடலையில் நிற்கிறது.
பரீட் போடியார் ஒன்றும் பேசாமல்
பக்கத்து வரம்பிலிருந்து
டொக்டொக்கென்று ஒரு டீசலை இரவல் வாங்கினார்.

தண்ணீர் வந்தது.

நிப்றாஸ் அரத்தைத் தேடினான்.
வட்ட வளையத்தைத் திருத்த
நூறு வருடம், எத்தனை ஆயிரம் கை;
மூலைக்கு நான் கொடுத்தது
நாலு நாள்.

டீசலின் மேல் யாரோ வைத்த பிளேன்டீ
பாதி சிந்தியிருந்தது.