கால் பங்கு

குட்டாயிஸி நகரம், ஐந்தாம் மாடி.
ஜனவரியில் கரண்ட் வருவது இரவு இரண்டுக்கு.
போவது அது நினைத்தபோது.

ட்சியாலாவின் அடுப்பு ஒரு செங்கல்.
செங்கல்லில் வளைந்தோடும் பள்ளம்,
பள்ளத்தில் நிக்ரோம் சுருள்.
லாரித் தொழிற்சாலையின் ஆய்வகத்தில்
பத்தொன்பது வருஷம் ஓம் அளந்தவள்.
கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்தது
ஒரு மீட்டர், முள் வைத்தது.

சுருள் அறுந்தது.
கருகியதை நறுக்கி, முனைகளை முறுக்கினாள்.
கம்பி குட்டை; ஆகவே தடை குறைவு;
ஆகவே ஓட்டம் கூடுதல்.
முன்னைவிடச் சிவந்தது,
முன்னைவிடச் சீக்கிரம் அறுந்தது.
நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்துநான்கு –
காலண்டர் ஓரத்தில் குறித்தாள்
பிள்ளையின் காய்ச்சலைக் குறிப்பதுபோல்.

எதிர்வீட்டு அவ்தாந்திலிடமும் அப்படியொரு செங்கல்,
அதே வயது, அதே நோய்.
மாடிப்படி பல்பு காணாமல்போன நாளிலிருந்து
இருவருக்கும் பேச்சில்லை.
இரண்டு வீட்டுக்கும் ஒரே ஃபியூஸ்.
வழி இரண்டானால் மொத்தத் தடை பாதி:
கூட்டக் கூட்டக் குறைகிற கணக்கு.
டிசம்பர் வரை தாங்கியது இழை.
சுருள்கள் குட்டையானதும்
டப்.
இருட்டில், இரண்டு கதவுக்குள்ளும் ஒரே வசவு.

நான்காம் இரவு
அவர் கதவிடுக்கில் ஒயரை நுழைத்தாள், ஒரு சீட்டோடு.
சீட்டில் படம் மட்டும்:
ஒரு சுருளின் வாலில் மறு சுருளின் தலை.
அவர் படத்தின்படியே மாட்டினார்.

ஃபியூஸ் நின்றது.
செங்கல் சிவக்கவில்லை.
தொட்டால், காய்ச்சல் விட்ட நெற்றி.

தடை இரட்டித்தது, ஓட்டம் பாதியானது,
சூடு பாதியோடு நிற்காது.
ஆளுக்குக் கால்.
மிச்ச அரையை யாரும் திருடவில்லை;
அது கம்பத்திலிருந்து கிளம்பவே இல்லை.
விடியும்வரை விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள்.
நியாயமாகப் பங்கிட்டால்
இருவருக்குமே குளிர்.

மறுநாள் சீட்டில் எழுத்து இருந்தது:
'ஒரே அடுப்பு. என் சமையலறை. இரண்டு மணி.'

வந்தார். கையில் சொந்த முக்காலி,
கோட்டுப் பையில் கம்பளி உறைக்குள் ஏதோ.
சுருள் ஆரஞ்சாகும்வரை
இருவரும் சுருளையே பார்த்தார்கள்.
பிறகு உறையைப் பிரித்து
மேஜைமேல் வைத்தார் ஒரு பல்பை.

அவள் எதுவும் கேட்கவில்லை.
மீட்டரின் ஊசிகளை எடுத்து
ஒன்றை அடியில், ஒன்றைப் பக்கத்தில் தொட்டாள்.

முள் எழுந்தது.