கடைவயல்

மல்லாவிச் சந்தி, பின்னேரம் நாலரை.
ஆத்திமோட்டைக் கமக்காரர் அமைப்பின் செயலாளர்
திலகேஸ்வரி
மேசையில் வைத்தா
ஒரு கறுப்பு ஹாட் டிஸ்க்.
ஷொப்பிங் பைக்குள், ஒரு பிடி அரிசியோடு.
ஈரம் இழுக்குமாம்.

உள்ளே ஒன்பது வருசக் குளம்:
கட்டு உடைந்த இரவின் படங்கள்,
ஆருக்கு எத்தனை ஏக்கர் தண்ணி,
ஆர் ஆர் கையெழுத்து வைக்காமல்
எழும்பிப் போனது.
நாளைக் காலை காலபோகக் கூட்டம்.
அதுக்குள் ஒரு பிரதி வேணும்,
அவ வாங்கி வந்த புது டிஸ்க்கில்.

கணினி சொன்னது: பதினொரு மணித்தியாலம்.
பிறகு பதின்மூன்று.
பிறகு, வெட்கமில்லாமல், ஒரு நாள்.

தெரிந்ததெல்லாம் செய்தேன்.
வைரஸ் காவலாளியை விலக்கினேன்,
ஒவ்வொரு படத்தையும் இறக்கி
அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருந்தது.
பதினாலாயிரம் படத்தையும்
இருபது மூட்டையாய்க் கட்டப் பார்த்தேன்.
மூட்டை கட்டவும்
ஒவ்வொன்றாய்த் தொடத்தானே வேணும்.
விட்டேன்.
சூடு என்று நினைத்து
ஓட்டுத் துண்டொன்றின் மேல் வைத்து
மின்விசிறியைத் திருப்பினேன்.
பறந்தது பில் புத்தகம் மட்டும்.

அவ திரையைப் பார்க்கவேயில்லை.
வயரைப் பார்த்தா.
"குளத்தில தண்ணி கிடக்கு அண்ணை.
துருசும் பெரிசு.
வாய்க்கால் ஏன் இவ்வளவு ஒடுக்கம்?"

போன் சார்ஜ் வயர்.
சொந்த வயரை எலி வெட்டிப்போட்டுதாம்,
மகளின்ரை கொழுவிப் பார்க்கக் கொழுவுப்பட்டுதாம்.
டிஸ்க்கின் அகல வாயில்
ஒரு பாதி வேலை செய்ய
மற்றப் பாதி சும்மா ஆவென்று கிடந்தது.
பதினொரு வருசம் இந்தக் கடை.
நான் குனிந்து பார்த்திருக்கலாம்.

செத்த டிஸ்க்குகளின் லாச்சிக்குள்
அகல வயர் ஒன்று இருந்தது.
பெட்டியின் முதுகுப் பக்கம்,
சிலந்தி குடியிருந்த நீலத் துளை.
விநாடிக்கு நாலு, நூற்றிப் பத்தாய் ஏறியது.
பக்கத்துப் பசளைக் கடைக்காரரே
எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்னொன்றும் செய்தேன்:
எழுதுவதை இடையில் தேக்கி
மொத்தமாய் இறக்கும் ஏற்பாடு.
வேகம் வரும்.
கரண்ட் போனால் தேங்கினதும் போகும்.
மாங்குளம் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது.
கேட்டேன்.
"விடுங்கோ" என்றா, வானத்தைப் பார்த்து.

ஆறு பத்துக்கு
முடிந்தது என்றது திரை.
கடைசி பஸ் ஹோர்ன் அடித்தது.
அவவுக்காகத்தான் அவசரப்பட்டேன்,
வயரை இழுக்கக் கை நீட்டினேன்.

மணிக்கட்டில் அவவின் கை.
புது டிஸ்க்கின் சின்ன விளக்கு
இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"துருசைப் பூட்டினாலும்
வாய்க்கால் கொஞ்சம் ஓடும்.
என்ரை வயல் கடைசி, அண்ணை."

பஸ் போனது.
விளக்கு இன்னும் நாலைந்து தரம் மின்னி
நின்றது.
பிறகுதான் கையை எடுத்தா,
இரண்டு டிஸ்க்கையும்
அரிசிக்குள் வைத்தா,
ஓட்டோவுக்குச் சில்லறை இருக்கோ என்று
கேட்டா.