நான்காவது இடம்

மூன்றாம் நாள் இரவு.
தண்ணீர் ஏழாவது படியில் நின்றது.
பள்ளிக்கரணை முழுக்க ஒரே கறுப்பு.
தூரத்தில் யார் வீட்டு ஜெனரேட்டரோ
வசதியாக இருமிக்கொண்டிருந்தது.

மொட்டை மாடியில் ஐந்து பேர்,
நான்கு வருடமாக ஒருவர் செருப்பை ஒருவர்
அடையாளம் தெரிந்து வைத்திருந்தவர்கள்.

தரைத்தளத்து என் வீட்டிலிருந்து
மிதந்தவற்றில் நான் அள்ளி வந்தது:
கேஸ் புத்தகம், டிகிரி சர்டிஃபிகேட்,
பள்ளிக்காலத்து மல்யுத்த ட்ரம்ப் கார்டு ஒரு கட்டு.
அப்பளம்போல் ஒட்டிக் கிடந்ததைப் பிரித்துப் பிரித்து
துணிக்கொடியில் க்ளிப் போட்டேன்.
உயரம், எடை, மார்பளவு,
ஆடிய ஆட்டம், ஜெயித்த ஆட்டம்,
எல்லாம் ஓடிப்போய்
ரேங்க் இருந்த மூலையில் நீலக் கறை.

"அப்போ யாருதான் நம்பர் ஒன்னு?" என்றார்
கொரியர் வண்டி ஓட்டும் சற்குணம்,
டார்ச்சை அக்குளில் இடுக்கியபடி.

அவ்வளவுதான்.

செல்போன்கள் செத்துக் கிடந்தன.
தேடிப் பார்க்க வழியில்லை.
சத்தமாகச் சொன்னவர் சொன்னதே சரித்திரம்.

சவப்பெட்டியிலிருந்து எழுந்து வருவானே, அவன்தான், என்றார் சற்குணம்.
உயரத்துக்கெல்லாம் மார்க் கிடையாது,
மைக்கைக் கொடுத்தால் பேசத் தெரியணும், என்றாள்
மூன்றாம் மாடி பர்வீன்.
ஏணி உச்சியிலிருந்து விழுந்து
பல் உடைந்தும் சிரித்தவனை நினைத்து
அவள் தம்பி யூசுஃபுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆடிட்டர் கோதண்டபாணி
பிஸ்கட் பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டே சொன்னார்:
"பேசிவைத்து அடித்துக்கொள்கிறார்கள்.
தோற்கச் சொன்னால் தோற்பான்.
இதில் என்ன பெரியவன், சின்னவன்?
நூறு கிலோவை ஒருத்தன் தூக்குகிறானாம்!
நன்றாகப் பாருங்கள்,
தூக்கப்படுகிறவன் லேசாகக் குதித்துக் கொடுப்பான்.
ஃப்ராடு."

இவ்வளவு நன்றாக எப்போது பார்த்தார்
என்று யாரும் கேட்கவில்லை.

சின்டெக்ஸ் டேங்கின் வயிற்றில் சாக்பீஸால் எழுதினோம்.
முதலிடம் முடிவாக ஒன்றேகால் மணி நேரம்.
இரண்டும் மூன்றும் இடம் மாறி இடம் மாறி
கடைசியில் பசியால் சமாதானம்.
நான்காவதில் வண்டி நின்றுவிட்டது.

நான் ஒருவனைச் சொன்னேன்.
பெயர் ஞாபகமில்லை. பச்சை ஜட்டி, கொஞ்சம் தொப்பை.
வாராவாரம் தோற்பான்.
ஆனால் அவனை அடித்தால்தான்
அடித்தவன் மலையாகத் தெரிவான்.
என் அண்ணன்கள் எப்போதும்
அந்தக் கார்டை என் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

"பேரே தெரியாதவனுக்கு ரேங்க்கா?"
சற்குணம் தலையில் அடித்துக்கொண்டார்.
ஆடிட்டர் மட்டும் "உம்" என்றார்.
நான்குக்கு எதிரே வெறும் கோடு.

விடிந்தபோது இரண்டு படி இறங்கியிருந்தது.
படகு வந்தது.
ஆடிட்டரின் டயாலிசிஸ் இரண்டு நாள் தள்ளிப்போயிருப்பது
அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.
கால்கள் தூணாக வீங்கியிருந்தன.
பிஸ்கட்டை எண்ணினாரே தவிர
ஒன்றுகூடத் தின்னவில்லை.

கேட் திறக்கவில்லை. மதிலுக்கு மேலாகத்
தூக்கித்தான் கொடுக்க வேண்டும்.
சற்குணம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
அவரைச் சேர்த்துப் பிடித்தார்.
காதில் என்னவோ சொன்னார்.
ஒன்று. இரண்டு.
மூன்று வருவதற்குள் நான் பார்த்தேன்,
கலங்கல் தண்ணீருக்குள்
அந்த வீங்கிய கால்கள்
சின்னதாக ஒரு குதி குதித்ததை.

எழுந்தார் ஆடிட்டர்.
சாக்கடையும் டீசலும் நாறும் காற்றில்
ஈர வேட்டி சொட்டச் சொட்ட
எல்லோருக்கும் மேலே, ஒரு கணம்.
பர்வீன் தன்னை மறந்து விசிலடித்தாள்.

ஐந்தாம் நாள் கரண்ட் வந்தது.
உயிர்த்த செல்போனில் முதல் செய்தி
ராயப்பேட்டை ஆஸ்பத்திரியிலிருந்து:
"பச்சை ஜட்டி. நான்காவது. எழுதிவிடவும்.
பெயர் எனக்குத் தெரியும். நேரில் சொல்கிறேன்."

சாக்பீஸோடு மாடிக்கு ஓடினேன்.
சற்குணம் டேங்கை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.
ஒத்துக்கொள்ள மாட்டாராம்.
எட்டாவது என்றால்
யோசிக்கலாமாம்.