முடிச்சு, இரண்டு

ஓல்ட்டன் ரயில் நிலையத்தில்
தவறிய பொருள்களுக்கென்று ஒரு ஜன்னல்.
ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான்.
குடைகள் அலுத்துவிட்டன எனக்கு.
ஒற்றைக் கையுறைகளோடு பேச்சுவார்த்தையே இல்லை.

நவம்பர் பனியில் ஊரே காணாமல்போன ஒரு காலை
பேர்ன் வண்டியிலிருந்து வந்து சேர்ந்தது:
துவைத்துத் துவைத்து
நிறம் இன்னதென்று சொல்லமுடியாமல்போன
லினன் துணி, மூட்டையாக.
மேலே நாலு காது,
உள்ளே இரண்டு முயல் ஒளிந்திருப்பதுபோல்.

கணினி கேட்டது: பெட்டியா, பையா, முதுகுப்பையா?
மூட்டைக்கு அதில் கட்டம் இல்லை.
பை என்று தட்டினேன்.
உள்ளே என்ன என்றது.
அவிழ்த்தேன்.

ரொட்டி, பாதி.
ஆப்பிள் மூன்று; ஒன்று யாரோ கடித்தது.
சில்லறை குலுங்கும் மாத்திரை டப்பா.
பியானோவுக்குச் சுருதி பார்க்கும் இசைக்கவை.
எல்லாம் பதிந்துவிட்டு நிமிர்ந்தால்
பையைக் காணோம்.
மேசைமேல் ஒரு சதுரத் துணி
ஒன்றும் அறியாததுபோல் கிடக்கிறது.

தவறிய பொருள் அலுவலகத்திலேயே
ஒரு பை தவறிவிட்டது.
மேலாளர் ரோலண்டிடம் இதை எந்த மொழியில் சொல்வது?
கட்டிப் பார்த்தேன்.
வேட்டி கட்டத் தெரிந்த கைதான்.
ஆப்பிள் உருண்டது.

மூன்றாம் நாள் வந்தாள் ரெகுலா,
கோட்டெல்லாம் பனி ஈரம்.
"என் பை?"
பை இல்லை, பொருள்கள் இருக்கின்றன என்றேன்.
பதிவேட்டின்படி அதுதான் உண்மை.
அவள் சிரிக்கக்கூட இல்லை.
சாமான்களை நடுவில் குவித்தாள்,
மூலையும் எதிர்மூலையும் ஒரு முடிச்சு,
மீந்த இரண்டுக்கும் இன்னொன்று.
வந்துவிட்டது பை,
சற்று வெளியே போயிருந்த ஆளைப்போல.

"கட்டணம் பத்து ஃபிராங்க்."
டப்பா உள்ளேயல்லவா இருக்கிறது.
அவிழ்த்தாள்.
மறுபடியும் பை போயிற்று.
வரிசையில் நின்றவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
இசைக்கவை மேசை விளிம்பில் இடித்து
மெல்லிய ஒரு ஸ்வரம் எழுந்தது.
அது அடங்கும்வரை
எவரும் வாய் திறக்கவில்லை.

அவள் போனபின்
பை என்பதை அழித்துவிட்டு
முடிச்சு, இரண்டு என்று எழுதிவைத்தேன்.
இதுவரை யாரும் விளக்கம் கேட்கவில்லை.

மாலை மிக்ரோஸில்
"பை வேண்டுமா?" என்றாள் காசாளர்.
வேண்டாமென்று
கழுத்திலிருந்த பருத்தித் துண்டை உருவினேன்.
பருப்பு, பால், ஒரு கிலோ வெங்காயம்.
மூலையும் எதிர்மூலையும்.

நடைமேடைப் படிக்கட்டில்
ஒரு வெங்காயம்
எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது.