எழுபது நொடி

டான் ரயன் நெடுஞ்சாலையிலிருந்து
எண்பத்தேழாம் தெருவுக்கு இறங்கும் சரிவில்
சிவப்பு எழுபது நொடி.
எனக்குத் தெரியும், நான் வைத்த நேரம் அது.
மூலையில் நிற்கும் சாம்பல்நிறப் பெட்டியின் சாவி
என் இடுப்பில்தான் தொங்குகிறது.

மூன்று பையன்கள், ஐந்து வாளிகள்.
ஊறுகாய் வந்த வாளி, சுவர்ப்பூச்சு வந்த வாளி.
ஒன்றில் மட்டும் என்ன வந்ததென்று யாருக்கும் தெரியாது,
அதுதான் நன்றாகப் பேசும் என்பான் டெமெட்ரிக்.
ஜாவோன் பால் கிரேட்டின் மேல் உட்கார்ந்து
ஷூ முனையால் விளிம்பை ஒரு விரற்கடை தூக்குவான்;
அடியில் அடைந்துகிடந்த சத்தம்
அப்போதுதான் தெருவில் இறங்கி நடக்கும்.
விரிசல் விட்டதையும் எறியவில்லை.
இடக்கைப் பக்கம் வைத்திருக்கிறார்கள்,
பல் போன வாய்போல் எதையும்
ஒரு 'ஸ்' சேர்த்தே சொல்லும்.

பச்சையில் தண்ணீர் குடிப்பார்கள்.
மஞ்சளில் உள்ளங்கையைத் தொடையில் துடைப்பார்கள்.
சிவப்பில் தொடங்கும்.
முதல் வரிசை வண்டிக்காரர் ஸ்டியரிங்கைத் தட்டுவார்,
பின்னிருக்கைக் குழந்தை உதைக்கும்,
போனில் பேசிக்கொண்டிருக்கும் பெண்மணி
கண்ணாடியை இன்னும் இறுக்கி மூடுவாள்.
அறுபத்திரண்டாவது நொடியில் கடைக்குட்டி ரோ
குச்சியை விளக்குக்கம்பத்துக்கும் மேலே எறிவான்.
அது இறங்கிக் கையில் விழ, எல்லா வாளியும் ஒன்றாய்,
டப்.
மிச்சம் எட்டு நொடியில்
கண்ணாடிகள் இறங்க வேண்டும், கைகள் நீள வேண்டும்,
ஒரு டாலர், சில்லறை,
ஒருமுறை பாதி தின்ற பர்கர்.

ஜூனில் அலுவலகத்திலிருந்து தாள் வந்தது.
சரிவில் வண்டிகள் தேங்குகின்றன.
சிவப்பு நாற்பத்தைந்து போதும்.

பெட்டியைத் திறந்தேன்.
ரோ பக்கத்தில் வந்து நின்று
என் சட்டையில் தைத்த பெயரை எழுத்துக்கூட்டினான்.
"ஸ்டா... ஹு... ரா. என்ன பண்றீங்க?"
சொன்னேன்.
அவன் உதடு கொஞ்சநேரம் எண்ணியது.
"அப்போ குச்சி மேல இருக்கும்போதே
பச்சை விழுந்திரும்."
அதற்கு முன்பே விழும் என்று
நான் திருத்தவில்லை.

அன்று மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தேன், வேலை இருந்ததுபோல.
ஒவ்வொரு முறையும் பாட்டு இடுப்பில் முறிந்தது.
ஒரு தடவை ரோ பிடிவாதமாக முழுதும் வாசித்து எறிந்தான்;
குச்சி ஆகாயத்தில், கீழே
பார்க்க ஒரு வண்டி இல்லை.

அடுத்த வியாழன் அந்த வழியே போனேன்.
முத்தாய்ப்பை முன்னால் வைத்துவிட்டார்கள்.
சிவப்பு விழுந்ததும் முதல் வேலை குச்சி எறிவது.
எல்லாக் கண்ணும் மேலே போகும் நேரத்தில்
ரோ ஜன்னல் ஜன்னலாக நடக்கிறான்,
இறங்கும் குச்சியைப் பிடிப்பது ஜாவோன்.
பிறகு பாட்டு, வாலிலிருந்து தலைக்கு.
பச்சை வரும்போது எஞ்சியிருப்பது
ஒரு வாளியில் ஒரே தட்டு,
வீடு சரிதானா என்ற சந்தேகத்தோடு
யாரோ கதவைத் தட்டுவதுபோல.
என்னிடம் சில்லறை இல்லை. ஹாரனைத் தொட்டேன்.
டெமெட்ரிக் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் இடி விழுந்து பெட்டி குழம்பியது.
நாலாபக்கமும் சிவப்பு மினுங்குகிறது, உடனே போ என்றார்கள்.
வண்டிகள் நின்று, தயங்கி, ஒவ்வொன்றாய் நகர்ந்தன,
அந்த மழையில் யார் கண்ணாடியை இறக்குவார்கள்?
மூவரும் பாலத்துக்கு அடியில் இருந்தார்கள்.
மினுக்கலைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்கள்.
எரிந்தால் ஊறுகாய் வாளி,
அணைந்தால் விரிசல் வாளி.
எழுபது தாண்டியது. இருநூறு தாண்டியது.
பிறகு நான் எண்ணவில்லை.
எங்கே முடிப்பதென்று அவர்களுக்கே தெரியவில்லை,
முகங்களில் அது பயமாகவும் இருந்தது,
டெமெட்ரிக் வாய்விட்டுச் சிரித்தான்.

பெட்டி பத்தடி தூரத்தில்.
சாவி கையில்.
காலர் வழியே மழை முதுகுக்குள் இறங்கியது.

பதிவேட்டில் இருக்கிறது:
வந்த நேரம் 4.10.
சரிசெய்த நேரம் 4.52.
தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
'ஈரம்' என்று எழுதினேன்.