பொருளடக்கப் பக்கம்

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி,
கண் வார்டு, ஏழாம் கட்டில்.
இடக்கண்ணில் பஞ்சும் பிளாஸ்திரியும்
வலக்கண்ணில் என்மேல் சந்தேகமுமாக
மாமனார் படுத்திருக்கிறார்.

பெயர் ராயப்பன்.
எங்கள் பக்கத்தில் பேதுரு என்போம்.
அதே வலை, அதே சேவல்,
அதே மூன்று மறுப்பு.
பெயரிலேயே வேலி தொடங்கிவிடுகிறது.

"மீன் பித்தத்தைத் தடவி
அப்பன் கண்ணைத் திறந்தானே ஒரு பையன்,
அதை வாசிங்க மாப்ள."

முன்னிருந்து புரட்டினேன்.
பின்னிருந்தும்.

"உங்க புத்தகத்துல இருக்காது.
ஏழைக் கழிச்சிட்டீங்க."

"கழிக்கல மாமா.
நீங்க சேர்த்தீங்க."

செசிலி பிளாஸ்கை மூடிக்கொண்டு வெளியே போனாள்.
பதினோரு வருடமாக
இந்த இடம் வந்ததும் வெளியே போய்விடுவாள்.

நான் பத்திர எழுத்தர்.
சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே தகர மேசை.
எழுத்தில் இல்லாதது செல்லாது என்று
ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறவன்.
வாய்ச்சொல்லை நம்பி வீடிழந்தவர்களின்
கைநாட்டு எப்படி நடுங்கும் என்று தெரியும்.
ஜெபமாலை எங்கே எழுதியிருக்கிறது?
உத்தரிக்கிற ஸ்தலம்?
போப்பாண்டவர் தவறமாட்டார் என்பது
எந்த அதிகாரம், எத்தனையாவது வசனம்?

அவர் துறைமுகச் சந்திப்பில்
முப்பத்தொரு வருடம் பாயிண்ட்ஸ்மேன்.
"தண்டவாளம் ஒழுங்காத்தான் கிடக்கு மாப்ள.
எந்த வண்டிக்கு எந்தப் பாதைன்னு
அதுவே எந்திரிச்சு சொல்லுமா?
ஒருத்தன் கொடியோட நிக்கணும்.
அவனுக்கு முன்ன நின்னவன்
அவன் கையில குடுத்துட்டுப் போன கொடி."

"கொடிக்காரன் தூங்கிட்டா?"

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு, "தூங்கியிருக்கான்" என்றார்.

அவர் ஊர்க் கல்லறையின் நடுவே ஓடிய சுவர்.
செத்தவர்களையும் சாதி பார்த்துப்
படுக்கவைத்த சுவர்.
அதை எந்த வசனமும் கட்டவில்லை,
பெரியவர்கள் கட்டினார்கள்.

வென்றுவிட்டேன் என்று நிமிர்ந்தேன்.
எங்கள் ஆலயத்தில் சுவரே இல்லாமல்
பெஞ்சுகள் பிரிந்து கிடந்ததும்,
கடைசிப் பெஞ்சிலிருந்து என் அப்பா
யாரைவிடவும் சத்தமாக வசனம் சொன்னதும்
ஞாபகம் வந்தது.
அவருடைய தலையணை உறையைச் சரிசெய்தேன்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் மாமா.
"மொத்தம் அறுபத்தாறுன்னு
அந்த அறுபத்தாறுல எது சொல்லுது?"

முன்பக்கம் திறந்தேன்.
பொருளடக்கம்.
இரண்டு பத்தியில் பெயர்கள், பக்க எண்கள்.
இத்தனை காலம் எச்சில் தொட்டுப் புரட்டிய தாள்.
அதற்கு அதிகாரம் இல்லை.
வசன எண் இல்லை.
சாட்சிக் கையொப்பம் இல்லாமல் இப்படி வந்தால்
நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பதில் இல்லாமலில்லை.
தாயின் குரலைக் கண்டுகொள்ளப்
பிள்ளைக்குச் சான்றிதழ் எதற்கு என்பார் எங்கள் போதகர்.
சொல்லியிருப்பேன்.
சொட்டு மருந்து அவர் காதுவரை
வழிந்துகொண்டிருந்தது.

செசிலியின் பையிலிருந்து
அவள் புத்தகத்தை எடுத்தேன். கனம்.
வழிப்பயணம் போகும் பையன்,
கூடவே ஒரு நாய்,
ஆற்றிலிருந்து துள்ளிய மீன்.
வாசிக்க வாசிக்க உள்ளே ஒருவன்
வரிக்கு வரி முத்திரை தேடினான்.
அதற்குள் அந்த அப்பனுக்குக் கண் தெரிந்துவிட்டது.
ஆமென் சொல்வதா, விடுவதா?
விரலை உள்ளே வைத்தபடியே மூடினேன்.

எட்டாம் கட்டில் புரண்டது.
தேவனாம்பட்டினத்துக்காரர்,
இரண்டு கண்ணிலும் பச்சைத் துணி.
"அது என்ன மீனு?"

இரண்டு திருச்சபைகளும் யோசித்தோம்.

"போடலீங்க."

"ஆத்து மீனா, கடல் மீனா?"

"ஆறு."

"ஆத்து மீன் பித்தத்துக்கு
அவ்ளோ வீரியம் கிடையாது" என்றுவிட்டு
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.